வேட்டி கட்டிய வேஷம்

ஆண்பிள்ளை சேலை உடுத்து மேடையேறுவதை நாஞ்சில் நாட்டார் ஒருநாளும் அதிசயமாகக் கருதியவர்கள் அல்லர். ஒழுகினசேரியில் 1908-ல் பிறந்து கலைவாணராகப் பிரசித்தி பெற்ற என்.எஸ். கிருஷ்ணன் பயின்ற டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவிலேதான், டி.கே. சண்முகம் ஔவைக் கிழவியாக நடித்து அப்பாத்திரத்தின் பெயரையே தம் பெயருக்கு முன் பெற்றார். அவருக்கு அஞ்சலியாகவே கமல்ஹாசன் 1996-ல் தம் படத்துக்கு ‘அவ்வை சண்முகி’ என்று பெயர் சூட்டினார். ஸ்திரீபார்ட் வேஷம் என்று தெரிந்தவரையில் ஜனங்களுக்கு அதில் ஆனந்தமே. கொட்டகைக்கு வெளியே, வேஷமாக அன்றிச் சுபாவமாகவே பெண்மை கொண்ட ஒருவர் எதிர்ப்பட்டால்தான் முகம் கோணிற்று.

அந்தக் கோணலைத் தமிழ் சினிமா நெடுங்காலம் காசாக்கியது. 2015-ல் வந்த ‘ஐ’ படத்தின் பரிகாசத்தைக் கண்டித்துத் திருநங்கையர் போராட நேர்ந்தது. 2019-ல் நிலைமை சற்றே மாறிற்று: ‘பேரன்பு’ படத்தில் திருநங்கை வேடத்தைத் திருநங்கையான அஞ்சலி அமீரே ஏற்றார், ‘சூப்பர் டீலக்ஸ்’ படத்தில், மனைவியையும் மகனையும் பிரிந்துபோன ஒருவர் ஷில்பாவாக வீடு திரும்புவதை விஜய் சேதுபதி நடித்துக் காட்டினார். ஆயினும் இவை கண்ணுக்குப் புலப்படும் மாறுதலைப் பற்றிய கதைகள். உடையிலும் நடையிலும் யாதொரு வித்தியாசமும் இன்றி, ஊரார் மெச்சும் குடும்பஸ்தனாகவே ஆயுளைக் கழித்துவிடுகிற தன்பாலீர்ப்பாளனின் அந்தரங்கத்தை எப்படிப் படம் பிடிப்பது?

அதற்கு விடை அண்டை வீடான மலையாளத்திலிருந்து வந்தது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழகத்தோடு இணைந்த கல்குளம், விளவங்கோடு பக்கத்து ஜனங்களுக்கு மலையாளப் படம் மொழிபெயர்த்துச் சொல்லவேண்டிய பொருள் அன்று. 2023 நவம்பரில் வெளியான ஜியோ பேபியின் ‘காதல் – தி கோர்’ படத்தில் காணும் ரப்பர் மரங்களும் மாதாகோயிலும் உள்ளூர்த் தேர்தல் பரபரப்பும் மார்த்தாண்டத்துக்காரருக்கு வீட்டு முற்றம்போலவே தோன்றும்.

கூட்டுறவு வங்கியிலிருந்து ஓய்வுபெற்று இடைத்தேர்தலில் வேட்பாளராக நிற்கும் மாத்யூ தேவசியாக மம்மூட்டி. அவர்மீது விவாகரத்து வழக்குத் தொடுத்துவிட்டு, அதே வீட்டில் அவரோடு வசித்துக்கொண்டே கோர்ட்டுக்குப் போய்வரும் ஓமனாவாக ஜோதிகா. மாத்யூவுக்குப் பிரியமானவன் என்று சொல்லப்படும் தங்கன், கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஓர் எளிய மனிதன்; அவனும் மாத்யூவும் மனம்விட்டுப் பேசுகிற காட்சி ஒன்றைக்கூட இயக்குநர் நீட்டி வைக்கவில்லை. ஆலிங்கனமும் கண்ணீர்ப் பாட்டும் இல்லாத அந்த மிதம்தான் படத்தின் முதல் வெற்றி என்பது என் அபிப்பிராயம்.

பழைய நாடகத்தில் ஆண் சேலை கட்டினான். இங்கேயோ கணவன் என்பதே வேஷம், வேட்டியே ஒப்பனை. இந்த வேஷத்தைக் கட்டிவிட்டவர் யார் என்றால், மகனின் இயல்பை அறிந்திருந்தும், கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பிய தகப்பனார்தாம். அவரை வில்லனாக்காமல், அதிகம் பேசாத ஒரு வயோதிகராக வீட்டில் உட்கார்த்திவைத்து, கடைசியில் அவரைக் கட்டிக்கொண்டு மகன் கதறும்படி செய்திருப்பதில் உள்ள நியாயம் அபூர்வமானது. அதைவிட அபூர்வம், இருபதாண்டு இல்லறத்தில் ஓமனா இழந்ததைப் படம் ஒரு கணமும் மறவாதது; வழக்கு பழிவாங்கும் வழக்கு அன்று, இருவரையும் விடுவிக்கும் வழக்கு.

வயதுவந்த இருவரின் மனமொப்பிய தன்பாலுறவைக் குற்றம் என்ற சட்டப்பிரிவின் பகுதியை உச்சநீதிமன்றம் 2018 செப்டம்பர் 6-ஆம் தேதியே செல்லாததாக்கிவிட்டது. சட்டம் விலகினாலும் கல்யாணத் தரகர் விலகுவதில்லை. மகனுக்கு விருப்பமா என்று கேளாமலே ஜாதகத்தைக் கையில் எடுக்கும் பெற்றோர், பெண் பார்க்கப் புறப்படுமுன் இப்படத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாம்.