எரிபொருள் விலையும் கிராமத்து மக்களின் போக்குவரத்தும்

பெட்ரோல் விலை ஏறினால் பெங்களூரில் இருக்கும் நாம் இரண்டு நாள் முணுமுணுத்துவிட்டு மறந்துபோகிறோம். ஊரில் இருப்பவர்கள் பாடு அப்படியல்ல. ஆரணிக்கும் வந்தவாசிக்கும் நடுவே உள்ள எங்கள் கிராமத்துக்கு காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். பையன்கள் செய்யாறு சிப்காட்டுக்கு வேலைக்குப் போகிறார்கள். கம்பெனி வண்டி எட்டாத ஊர்க்காரனுக்கு மோட்டார் சைக்கிள்தான் கதி.

வியாபாரி என்பதால் கணக்காகவே சொல்லிவிடுகிறேன். போக 30 கிலோமீட்டர், வர 30. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி என்று வைத்துக்கொண்டால் மாதம் 26 நாளைக்கு 31 லிட்டர் சொச்சம். 2024 மார்ச்சில் 2 ரூபாய் குறைத்தபோது சென்னையில் பெட்ரோல் 100 ரூபாய் 75 காசு. அந்த விலைக்கே 3,100 ரூபாயைத் தாண்டுகிறது. பன்னிரண்டாயிரம் சம்பளக்காரனுக்கு இது கால் பங்கு. 2021 மே முதல் தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. நல்ல ஏற்பாடு, ஆனால் ஷிப்ட் நேரத்துக்கு பஸ் இருந்தால்தானே!

கச்சா எண்ணெய் விலை இறங்கினால் பம்பில் ஏன் இறங்குவதில்லை என்று பலரும் கேட்கிறார்கள். பெட்ரோல் விலையை 2010 ஜூனிலும் டீசல் விலையை 2014 அக்டோபரிலும் அரசு தன் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்தது. உலகச் சந்தையோடு ஏறி இறங்கும் என்பதே பேச்சு. ஆனால் நடுவில் வரி நிற்கிறது. 2014 நடுவில் டீசல் மீதான மத்திய கலால் வரி லிட்டருக்கு 3 ரூபாய் 56 காசு. 2020 ஏப்ரலில் கச்சா எண்ணெய் பீப்பாய் 20 டாலர் அளவுக்குச் சரிந்தது. மறு மாதமே அந்த வரி 31 ரூபாய் 83 காசு ஆயிற்று. இறக்கத்தின் பலன் கஜானாவுக்குப் போயிற்று.

டீசலின் கை இன்னும் நீளம். டிராக்டர் உழவு, அறுவடை மெஷின் எல்லாம் மணிக்கணக்கு வாடகை. டீசல் ஏறினால் அந்த வாடகையும் ஏறும். நெல்லுக்கோ விலை வைப்பவர் விவசாயி அல்ல, வாங்குகிறவர்தான். லாரிக்காரர் கூடுதல் செலவை என் தலையில் வைப்பார். நான் அரிசி மூட்டையில் வைப்பேன். விவசாயியும் வண்டியில் வேலைக்குப் போகிற பையனும் யார் தலையில் வைப்பார்கள்? கடைச்சுமை அவர்களோடு நின்றுவிடுகிறது. அப்புறம் அவர்கள் கறிகாய், துணிமணியைக் குறைத்துக்கொள்வார்கள். ஊர்க் கடைத்தெருவில் வியாபாரம் மந்தம் என்பார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 2021 நவம்பரில் டீசல் கலால் வரியில் 10 ரூபாய் குறைந்தது. ஆரணியிலிருந்து எனக்கு அரிசி ஏற்றிவரும் லாரிக்காரர் வாடகையைக் குறைக்கவில்லை. “டயர் விலை, டோல்கேட் எல்லாம் பாருங்க, கட்டுப்படியாகலை ஐயா” என்றார். நானும் மூட்டை விலையைக் குறைக்கவில்லை. கேட்ட வாடிக்கையாளரிடம் லாரிக்காரர் சொன்னதையே திருப்பிச் சொன்னேன்.