வளைவில் காக்கும் டயர்

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்குச் செல்லும் சாலை வளைவுகள் நிறைந்தது. அங்கு மழையும் அடிக்கடி பெய்யும். அத்தகைய வளைவில் மோட்டார் சைக்கிள் சாயும்போது, ஒவ்வொரு டயரிலும் ஏறக்குறைய உள்ளங்கை அளவுப் பகுதியே சாலையைத் தொடுகிறது. ஓட்டுபவரின் உயிர் அச்சிறு பகுதியின் பிடிமானத்தை நம்பியுள்ளது.

சாகசப் பயண மோட்டார் சைக்கிள்கள் மண்சாலை, தார்ச்சாலை ஆகிய இரண்டிற்கும் ஏற்றவை. அவற்றுள் சிலவற்றின் டயர்களில் பெரிய ரப்பர் மேடுகள் இருக்கும். அவை சேற்றைக் கவ்வி முன்னேற உதவும். ஆனால், தார்ச்சாலையில் மேடுகள் மட்டுமே தரையைத் தொடும்; இடைவெளிகள் தொடா. மேலும், வண்டி சாயும்போது மேடுகள் நெளிவதால் பிடிமானம் குறையும்.

தார்ச்சாலை டயரில் தரையைத் தொடும் ரப்பர் பரப்பு அதிகம். அதன் பள்ளக்கோடுகள் மழைநீரை வெளியேற்றும். சில டயர்களின் நடுப்பகுதி எளிதில் தேயாத கடின ரப்பராலும், ஓரங்கள் சாலையை நன்கு பற்றும் மென்மையான ரப்பராலும் செய்யப்படுகின்றன.

டயரின் பக்கவாட்டிலுள்ள நான்கு இலக்க எண்ணையும் கவனிக்க வேண்டும். 2324 என்றால், அது 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் தயாரிக்கப்பட்டது என்று பொருள். புதிய டயரின் மேற்பரப்பு சற்று வழுக்கும். ஆகவே, முதல் 150 கிலோமீட்டர் வரையாவது வளைவுகளில் நிதானம் தேவை.

முரட்டுத் தோற்றம் கண்ணைக் கவரலாம். எனினும், அன்றாடம் செல்லும் சாலைக்கு ஏற்ற டயரே ஓட்டுபவரைக் காக்கும்.