குளிசை குடித்தபின் வாய் புண்ணானால்...

நோய் தீர்க்கக் குடிக்கும் மருந்தே சிலருடைய தோலைப் புண்ணாக்கி விடுவதுண்டு. சாதாரண கடியும் தடிப்பும் பெரும்பாலும் மருந்தை நிறுத்த மாறிவிடும். ஆனால் உயிருக்கே ஆபத்தான ஒரு வகையும் உண்டு. அதுவே ஸ்டீவன்ஸ்-ஜோன்சன் நோய். 1922இல் அமெரிக்க வைத்தியர்களான ஸ்டீவன்ஸ், ஜோன்சன் இருவரும் இதனை இரண்டு சிறுவர்களிடம் கண்டு விபரித்தனர்.

எந்த மருந்துகள்?

வலிப்புக்குக் கொடுக்கும் காபமசெப்பீன், பெனிட்டோயின், யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோபியூரினோல், கிருமிகளுக்கு எதிரான கோ-ட்ரைமொக்சசோல் ஆகியவை முக்கியமானவை. இவை பயனுள்ள மருந்துகளே. இலட்சக்கணக்கானோர் தீங்கின்றிப் பாவிக்கின்றனர். மிகச் சிலரில் மட்டும் உடலின் எதிர்ப்புச் சக்தி, மருந்தின் தூண்டுதலால் தன் தோலையே தாக்குகின்றது. அளவாகக் குடித்தவருக்கும் இது வரலாம்.

எப்படி அறிவது?

பொதுவாகப் புதிய மருந்து தொடங்கி 4 நாள் முதல் 4 கிழமைக்குள் காய்ச்சல், தொண்டை நோ, கண் எரிவு தோன்றும். பின்னர் தோலில் சிவந்த, நோவுள்ள புள்ளிகளும் கொப்புளங்களும் எழும். வாய், கண், பிறப்புறுப்பு புண்ணாகும். தோல் உரியும்.

இதனை அம்மாள் வருத்தம் என்று எண்ணி நோயாளியை வீட்டில் வைத்திருப்பது பெரும் ஆபத்து. அவர் மருந்தைத் தொடர்ந்து குடித்துக்கொண்டே இருப்பார். இந்நோயால் 10 பேரில் ஒருவரளவில் இறக்கின்றனர். தப்புவோரில் சிலர் பார்வை இழக்கின்றனர்.

என்ன செய்ய வேண்டும்?

1. அடுத்த வேளைக் குளிசையைக் கொடுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். வலிப்பு நோயாளிக்கு வேறு மருந்து தேவை. அதையும் வைத்தியரே தீர்மானிப்பார்.

2. குடித்த எல்லா மருந்துகளையும், உறைகளையும், கிளினிக் கொப்பியையும் எடுத்துச் செல்லுங்கள்.

3. கொப்புளங்களை உடைக்காதீர்கள். எண்ணெய், பச்சிலை எதுவும் பூசாதீர்கள்.

4. குணமானபின் அந்த மருந்தின் பெயரைக் கொப்பியில் எழுதுவித்து, எந்த வைத்தியரிடம் போனாலும் காட்டுங்கள். அது மறுபடி உடலிற் சேரக்கூடாது.

அயலவருக்குச் சுகம் தந்த குளிசையை வாங்கிக் குடிக்கும் பழக்கம் நம்மிடையே உண்டு. பெயர் தெரியாத குளிசையால் தோல் உரிந்தால், எதை நிறுத்துவது என்று வைத்தியருக்கும் தெரியாது.