கரும்புகை வலிமையன்று

நூலும் காய்கறியும் ஏற்றும் பழைய டீஸல் பிக்கப் வண்டி மேட்டில் திணறினால், பம்பின் திருகாணியைத் திருப்பி டீஸலைக் கூட்டும் வழக்கத்தை அங்கத்தினர் சிலரிடம் காண்கிறோம். இதனால் நஷ்டமே மிகும். ஒரு கிலோ டீஸல் முற்றும் எரிய ஏறத்தாழ 14.5 கிலோ காற்று வேண்டும். காற்றுக் குறைந்தால் டீஸல் கரும்புகையாய் வீணாகும். சூடு மிகுந்து பிஸ்டனும் கெடும்.

ஆகவே முதலில் காற்று வடிகட்டியைப் பார்த்து, அடைத்திருந்தால் மாற்ற வேண்டும். அடுத்து, டீஸல் வடிகட்டியில் தங்கிய நீரை வடித்து, குழாயில் புகுந்த காற்றைக் கைப்பம்பினால் வெளியேற்ற வேண்டும். வால்வு இடைவெளியைக் கையேட்டில் கண்ட அளவுக்குச் சரிசெய்தலும் பழகியவர்க்கு எளிதே.

பம்பும் இன்ஜெக்டரும் சோதனைக் கருவியுள்ள பட்டறைக்கே உரியவை. புதிய காமன் ரெயில் வண்டிகளில் இன்ஜின் ஓடுகையில் உயரழுத்தக் குழாயை அவிழ்க்கவே கூடாது. பீறிடும் டீஸல் தோலைத் துளைத்து உட்புகும்.