ஒட்டுக்குக் கீழே பாருங்கள்: வீட்டுத் தோட்டத்தில் மாமரம்

பஞ்சபூதத் தலங்களில் காஞ்சி நிலத்துக்கும், எங்கள் காளஹஸ்தி காற்றுக்கும் உரியவை. காஞ்சி ஏகாம்பரநாதர் கோயிலின் தல விருட்சம் மாமரம். அந்தப் பக்கத்திலிருந்து இங்கே குடியேறிய நாங்கள் வீடு கட்டியதும் முதலில் வைத்ததும் மாமரம்தான்.

2012 ஆடியில் பங்கனபள்ளி ஒட்டுக்கன்று வாங்கி வந்தேன். மூன்றடி நீளம், அகலம், ஆழத்தில் குழி. மேல்மண்ணோடு மக்கிய தொழுவுரம். எல்லாம் முறைப்படிதான். 2018இல் காய்த்தது. பழுக்க வைத்து நறுக்கினால் ஒரே புளிப்பு, நார். "கன்று கொடுத்தவன் ஏமாத்திட்டான்" என்று குதித்தேன். அம்மா ஒன்றும் சொல்லாமல் அடுத்த வருஷக் காயை ஊறுகாய் போட்டாள்.

மரத்தை வெட்ட ஆள் கூப்பிட்டேன். மாந்தோப்பு வைத்திருந்த பக்கத்து வீட்டுப் பெரியவர் அடிமரத்தைத் தடவிப் பார்த்துச் சிரித்தார். "அவர் ஏமாத்தல சார். அண்ட்டு எப்பவோ செத்துப்போச்சு. கீழ வந்த நாட்டுச்செடியைத்தான் நீங்க வளர்த்திருக்கீங்க." ஒட்டுக்குத் தெலுங்கில் அண்ட்டு என்று பெயர்.

நம் நாட்டு மா ரகங்கள் பெரும்பாலானவற்றில், கொட்டை போட்டு முளைக்கும் செடிக்குத் தாய்மரத்தின் குணம் அப்படியே வராது. அயல் மகரந்தமும் கலந்த கரு அது. அதனால்தான் நாட்டுக்கன்றின் மேல் நல்ல மரத்தின் குச்சியைச் சேர்த்துக் கட்டுகிறார்கள். சேர்ந்த இடம் முடிச்சுபோல் தெரியும். நடும்போது அது மண்ணுக்கு மேல் அரையடியாவது இருக்கவேண்டும். அதற்குக் கீழே துளிர்ப்பதெல்லாம் நாட்டு மா. வேரின் பலம் முழுவதையும் இழுத்துக்கொண்டு மேலே உள்ள ஒட்டைப் பட்டினி போட்டுவிடும். கண்டவுடன் கிள்ள வேண்டும். நானோ, "நல்லா துளிர்க்குதே" என்று மகிழ்ந்திருந்தேன்!

வெட்டிப் போட அவசியமில்லை என்றார் பெரியவர். மரத்தை மார்பளவு உயரத்தில் அறுத்து, வெட்டுவாயில் போர்டோ பசை பூசினோம். புதுத்துளிர்கள் வந்ததும் நாலைந்தை மட்டும் விட்டு, பென்சில் கனமுள்ள பங்கனபள்ளிக் குச்சிகளை ஆப்புபோல் சீவிச் செருகி, பாலிதீன் நாடாவால் இறுகக் கட்டினார். வேர் பழையது; ஆகவே வளர்ச்சி வேகம்.

2022 மே மாதம் முதல் பங்கனபள்ளி பழுத்தது. அதைச் சாப்பிட அம்மா இல்லை. ஒரு நாட்டுக்கிளையை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன். மற்றவற்றை அமுக்காமல் வருஷாவருஷம் கவாத்து செய்துவிடுகிறேன். ஊறுகாய்க்கு அந்தக் காய்தான்.

உங்கள் தோட்டத்தில் மாங்கன்று இருந்தால், இன்றைக்கே குனிந்து ஒட்டுக்குக் கீழே பாருங்கள்.