எழுத்துக்குக் கால் எதற்கு?

கோலார் தங்க வயலுக்கு ஒருமுறை சென்றிருந்தபோது, இராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவில் பழைய பெயர்ப்பலகை ஒன்றைக் கண்டேன். தடித்து, நுனிதோறும் அலங்கார விளிம்பு கட்டிய தமிழ் எழுத்துகள். கன்னட வழியில் பயிலும் சிறுவன் ஒருவன் அதனை எழுத்துக் கூட்டிப் படித்து, "அப்பா, பரதரட்சை என்றால் என்ன?" என்று வினவினான். எழுதியவர் கருதியதோ 'பாதரட்சை'. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆயினும் பிழை சிறுவனுடையது அன்று.

அவ்விளிம்பின் வரலாற்றைச் சிறிது காண்போம். ஆங்கில எழுத்தின் தலையிலும் காலிலும் குறுக்கே நீளும் சிறு கோட்டைச் 'செரிப்' என்பர். பண்டை உரோமானியரின் கல்வெட்டுகளிலேயே அது உண்டு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் அச்செழுத்து வார்ப்போர், தெருவில் செல்வோரின் கண்ணைக் கவர்வதற்காக அவ்வெழுத்தை மிகத் தடிக்கச் செய்தனர். 1827-இல் நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் என்பவர் பெரிய எழுத்துகளை மரத்தில் இயந்திரங்கொண்டு குடையும் முறையை வகுத்தார்; சுவரொட்டிகள் பெருகின. மைசூர் தங்கச் சுரங்கக் கம்பெனி தொடங்கப்பெற்ற 1880-இல், இவ்வலங்கார எழுத்து விளம்பரங்களில் பெருவழக்காக இருந்தது.

தமிழ் எழுத்தின் பிறப்பு வேறு. ஓலையில் எழுத்தாணி கீறும் கோடு எங்கும் ஒரே பருமன் உடையது, வளைந்து செல்வது, காலில் விளிம்பு இல்லாதது. 1578-இல் கொல்லத்தில் தமிழ் நூல் அச்சேறிய பின்னரும் இவ்வியல்பு பெரிதும் நிலைத்தது.

ஆதலின் ஆங்கில அலங்காரத்தைத் தமிழில் அப்படியே ஏற்றினால் இடர் விளையும். ரகரத்தையும் துணைக்காலையும் வேறுபடுத்துவது அடியிலுள்ள சிறு சாய்கோடே. துணைக்காலின் அடியில் விளிம்பு கட்டினால் அது ரகரமாகத் தோன்றும். 'காடு' 'கரடு' ஆகும். 'பாதம்' 'பரதம்' ஆகும். கோட்டை அளவின்றித் தடிக்கச் செய்தால் சுழிகளின் உள்வெளி அடைபடும். அப்பொழுது ணகரமும் னகரமும் தொலைவிலிருந்து ஒன்றாகவே தெரியும். புள்ளி சிறுத்தால் மெய்யெழுத்து உயிர்மெய்யாகிவிடும்.

இதற்குப் பரிகாரம் எளிது. நிமிர்ந்த கோடுகளைத் தடிக்கச் செய்து, வளைவுகளை மெலிதாக விடலாம். சுழிக்குள் வெளிச்சம் புகுமாறு இடம் விடலாம். விளிம்பு வேண்டுமாயின் தலையில் கட்டலாம். துணைக்காலின் அடியை வெறுமையாக விட்டுவிட வேண்டும்.

அற்பச் செய்தி என நேயர்கள் எண்ண வேண்டா. வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து வந்து சுரங்கத்தில் உழைத்தோரின் வழித்தோன்றல்கள், 2001-இல் சுரங்கம் மூடப்பட்ட பின்னரும் அங்கே வாழ்கின்றனர். பள்ளியில் தமிழ் பயிலாத குழந்தைக்குக் கடைப்பலகையும் கோயிற்சுவருமே அரிச்சுவடி. வெளிமாநிலம் எதிலும் இதே நிலைதான்.

ஆகவே, அடுத்த முறை உங்கள் கடைக்கோ சங்கத்திற்கோ பலகை எழுதுவிக்கும்போது, வண்ணம் தீட்டுமுன் வரைவை வீட்டுக் குழந்தையிடம் காட்டுங்கள். அது தடையின்றிப் படித்துவிட்டால் பிறகு எவ்வளவு அலங்காரமும் செய்துகொள்ளலாம்.