எந்த விரியன்?

வவுனியாவிலிருந்து கடும் நோயாளரை அனுராதபுரம் போதனா வைத்தியசாலைக்கு மாற்றுவதுண்டு. கூடப் போகும் உறவினர் பலருக்குச் சிங்களம் தெரியாது. அங்குள்ள வைத்தியர், தாதிமார் பலருக்குத் தமிழ் தெரியாது. பள்ளிக்கூடத்திற் கொஞ்சம் சிங்களம் படித்த பிள்ளையே இடையில் நின்று சொல்லும். தடிமன், காய்ச்சலுக்கு அது போதும்.

பாம்புக்கடிக்குப் போதாது. தமிழில் கண்ணாடி விரியனும் விரியன், கட்டுவிரியனும் விரியன். சிங்களத்தில் முன்னது 'தித் பொலங்கா', பின்னது 'கரவலா'. "விரியன் கடித்தது" என்பதைப் பிள்ளை "பொலங்கா" என்று சொல்லிவிட்டால், வைத்தியரின் எண்ணம் வீக்கம், இரத்தம் உறையாமை, சிறுநீரகம் என்று போகும். கட்டுவிரியனோ பெரும்பாலும் இரவில், நிலத்திற் படுத்திருப்போரையே கடிக்கிறது. கடிவாயில் நோவும் வீக்கமும் குறைவு. பிறகு கண்ணிமை சோரும், விழுங்க முடியாமற் போகும், கடைசியில் மூச்சு நின்றுவிடும். கொட்டிலில் பாய் விரித்துப் படுக்கும் குடும்பங்களுக்கு இது தூரத்துக் கதையல்ல. அனுபவமுள்ள வைத்தியர் நோயாளியைப் பார்த்தே பலதைக் கண்டுகொள்வார் என்பதும் உண்மைதான். ஆனால் எத்தனை மணிக்குக் கடித்தது, எப்போது இமை சோர்ந்தது என்பதை யாராவது வாயாற் சொல்லத்தானே வேண்டும்?

இரு மொழியும் அறிந்த தாதியென்றால் "எந்த விரியன்?" என்று திருப்பிக் கேட்பார். 'முட்டு' என்றால் 'ஹதிய' என்று அவருக்குத் தெரியும். (வயிற்றாலே போவதற்குச் சிங்களத்திலும் 'பட யனவா', வயிறு போகிறது என்றுதான் சொல்கிறார்கள்!) மாதவிடாய், கருச்சிதைவு பற்றித் தாய் தன் மகனைக்கொண்டு சொல்விப்பாளா? பாதியை மறைத்துவிடுவாள். இரத்தப்போக்கை மறைத்தால் உயிருக்கே ஆபத்து.

1987இல் நிறைவேறிய 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 2007 ஜூலை முதல் அரச சேவையிற் சேர்வோர் ஐந்தாண்டுக்குள் மற்ற மொழியிலும் தேர்ச்சி பெறவேண்டுமென்று சுற்றறிக்கை வந்தது. பரீட்சையிற் சித்தியடைவது வேறு, நாரி நோவென்று முனகும் கிழவியை விளங்கிக்கொள்வது வேறு. ஆகையால் இரு மொழியும் பேசும் முஸ்லிம், மலையக, சிங்களத் தாதிமாரை எல்லைப்புற வைத்தியசாலைகளுக்குத் தேடி நியமிப்பதே நல்லதென்று எமக்குத் தோன்றுகிறது.

வார்ட்டுக்குப் போனால் கூச்சப்படாமற் கேளுங்கள்: "தெமள தன்ன கெனெக் இன்னவாத?" தமிழ் தெரிந்தவர் இருக்கிறாரா என்பது பொருள். கிளினிக் கொப்பியையும் பழைய மருந்துத் துண்டுகளையும் கொண்டு போங்கள். கடித்த நேரத்தை இலக்கத்தில் எழுதிக் கொடுங்கள். பாம்பைத் தேடி அடித்து மினக்கெட வேண்டாம்.